பிராட் நிப்பும் மூன்று சுழி ணகரமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இதில் வருபவர் ஓய்வு பெற்ற மொழியாசிரியர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எல்லோரையும் போல நானும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று கடிதங்களாவது கையால் எழுதுகிறவர். பேனா பழுது பார்ப்பது என் தொழில் கிடையாது. பல வருடங்களாக மைப்பேனாவில் எழுதுகிறேன், தெரிந்தவர்களின் பேனாக்களைக் கழுவி, சின்னச் சின்னக் கோளாறுகளைச் சரிசெய்து கொடுப்பேன். அந்தப் பழக்கத்தில்தான் டீச்சர் என்னிடம் வந்தார்.

பதினோரு வருடம் அவர் ஒரே பேனாவில் எழுதியிருக்கிறார். ஜப்பானிய ஃபைன் நிப்பு, அதாவது மெல்லிய கோடு விழும் அளவு. கண் மங்கத் தொடங்கிய பிறகுதான் அதில் சிக்கல் வந்தது. தான் எழுதும் கோடு தனக்கே சரியாகத் தெரியவில்லை என்றார். அழுத்தி எழுதினால் நிப்பின் இரண்டு பாதிகளும் சற்று விலகும், மை கூடுதலாக இறங்கும், கோடு கொஞ்சம் தடிக்கும். யாரும் சொல்லித் தராமலே அவர் கை இதைப் பழகிக்கொண்டது. விளைவு, இரண்டு பக்கம் எழுதினால் மணிக்கட்டு வலி.

இதைக் கேட்ட மகள் ஒரு ஐரோப்பியப் பேனாவை வாங்கி அனுப்பினார். எஃகு நிப்பு, அளவு பிராட். தடித்த கோடு வந்தால் அம்மாவுக்குக் கண்ணும் தெளியும், கையும் ஓயும் என்பது அவர் கணக்கு. நல்ல கணக்குதான்.

இரண்டு வாரத்தில் டீச்சர் பேனாவோடு வந்துவிட்டார். "தம்பி, இது எனக்குச் சரிப்படல" என்றார். சொல்லின் முதல் கோடு பல தடவை விழுவதில்லை. தாளின் மறுபக்கம் மை தெரிகிறது. மூன்றாவதாகச் சொன்னதுதான் அவரை அதிகம் சங்கடப்படுத்தியிருந்தது. "பணி அதிகம், அதனால் வெளியே போகவில்லை" என்று மகளுக்கு எழுதியிருக்கிறார். மகள் அதைப் "பனி அதிகம்" என்று படித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதறிப் போன் செய்திருக்கிறார். "நாப்பது வருஷம் மூணு சுழி, ரெண்டு சுழின்னு சொல்லிக் கொடுத்தவ நான். என் எழுத்துலயே சுழி தெரியலேன்னா எப்படி?" என்றார்.

## முதல் நாள் பார்த்தது

இரண்டு பேனாக்களையும் அவருடைய வழக்கமான தாளிலேயே எழுதச் சொன்னேன். அளப்பதற்கு அப்போது கையில் இருந்தது கண்ணாடி ஸ்கேல் மட்டும். ஒரே ஒரு கோட்டை ஸ்கேலால் அளந்தால் பிழை வரும். அதனால் இடைவெளி விழாமல் பத்துக் கோடுகளை ஒட்டி ஒட்டிப் போட்டு, மொத்த அகலத்தைப் பத்தால் வகுத்தேன். பழைய பேனா சுமார் 0.4 மி.மீ. புதியது 1.1 மி.மீ. மேலும் கீழும் நீட்டிக்கொள்ளும் கோடுகள் நீங்கலாக அவர் எழுத்தின் உடல் உயரம் 3 மி.மீ.

பிராட் என்றால் இத்தனை மில்லிமீட்டர் என்று எல்லோருக்கும் பொதுவான அளவு ஒன்று கிடையாது. எக்ஸ்ட்ரா ஃபைன், ஃபைன், மீடியம், பிராட், டபுள் பிராட் என்ற வரிசை மட்டும்தான் பொது. எந்தப் படி எத்தனை அகலம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே வைத்துக்கொள்கிறது. பைலட், செய்லர், பிளாட்டினம் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் நிப்புகள் பொதுவாக ஐரோப்பிய நிப்புகளைவிட ஒரு படி மெலிதாக எழுதும். பல கோடுகள் அடர்ந்த எழுத்தைச் சின்ன இடத்துக்குள் எழுத வேண்டிய மொழி அவர்களுடையது. ஆக, ஜப்பானிய ஃபைனிலிருந்து ஐரோப்பிய பிராடுக்குப் போனது, பெட்டியில் பார்த்தால் இரண்டு படி, தாளில் பார்த்தால் மூன்று படி.

எனக்கு அன்று முக்கியமாகப் பட்டது வேறொரு கணக்கு. பட்டை நிப்பில் அழகெழுத்து எழுதுகிறவர்கள் எழுத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் சொல்வதில்லை, எத்தனை நிப்பு அகலம் என்று சொல்வார்கள். ரோமன் எழுத்தில் இத்தாலிக் பாணிக்கு ஐந்து அகலம், ஃபவுண்டேஷனல் பாணிக்கு நான்கு என்பது வழக்கமான பாடம். டீச்சரின் பழைய பேனாவில் அந்தக் கணக்கு ஏழரை. புதிய பேனாவில் மூன்றுக்கும் கீழே. ரோமன் எழுத்துக்கே போதாத உயரம் அது. ணகரத்துக்கு எப்படிப் போதும்? மூன்று சுழியையும் சுற்றி முடிப்பதற்குள் சுழிகளின் உட்புறம் மையால் நிரம்பிவிடுகிறது. ணகரம் னகரமாகத் தெரிகிறது. ஏகாரக் கொம்பின் மேல்சுழி அடைபட்டு எகரக் கொம்பு மாதிரி ஆகிறது, 'கேட்டேன்' என்பது 'கெட்டேன்' ஆகிவிடுகிறது.

மகள் 'பனி' என்று படித்ததற்கு டீச்சரின் கை காரணமில்லை என்பது அன்றே எனக்குத் தெளிவு. அதை அவரிடம் முதலில் சொன்னேன், அவருக்கு அது தேவைப்பட்டது.

## தாளை மாற்றினோம்

அவர் பயன்படுத்தியது மையை நன்றாக உறிஞ்சும், மேற்பரப்பு தளர்ந்த தாள். அப்படிப்பட்ட தாளில் கோடு நிப்பின் அகலத்தோடு நிற்காது, இழைகளின் வழியே ஓரங்களில் பரவும், அடியிலும் இறங்கும். மெல்லிய நிப்பு குறைவாக மை விடுவதால் இது கண்ணுக்குப் படாமல் போகும். பிராட் நிப்பில் மறைக்க வழியில்லை.

அதனால் மையைச் சட்டென்று உறிஞ்சாத வழவழப்பான, 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 90 கிராம்) எடையுள்ள தாளுக்கு மாறச் சொன்னேன். பலன் உடனே தெரிந்தது. கோடு 1.1-லிருந்து 0.9 மி.மீ. ஆனது, ஓரம் சுத்தமாக நின்றது, மறுபக்கத்தில் மை தெரியவில்லை.

ஆனால் முதல் கோடு விழாத தொல்லை கூடிவிட்டது. நாற்பது சொற்களை எழுதச் சொல்லி எண்ணினேன். பழைய தாளில் ஆறு இடத்தில் முதல் கோடு தவறியது, புதிய தாளில் பதினொன்று. தாள் நல்லதானால் எழுத்து ஏன் மோசமாக வேண்டும்? இந்தக் கேள்வியில்தான் விடை இருந்தது. நான் அதில் நின்று யோசிக்கவில்லை. மை போதவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

## மையை மாற்றினோம்

பேனாக்காரர்கள் மையை வறண்ட மை, ஈரமான மை என்று பிரிப்பார்கள். ஒரே நிப்பில் ஒன்று சிக்கனமாக இறங்கும், மற்றது தாராளமாக இறங்கும். டீச்சர் பயன்படுத்தியது கொஞ்சம் வறண்ட ரகம். பேனாவைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஈரமான மை ஒன்றை நிரப்பினோம்.

தவறிய கோடுகள் பதினொன்றிலிருந்து எட்டாகக் குறைந்தன. ஆனால் கோடு 1.0 மி.மீ. ஆகிவிட்டது, தாளை மாற்றிப் பெற்றதில் பாதி போயிற்று. வழவழப்பான தாளில் இத்தனை மை காய நேரம் எடுக்கும். டீச்சர் பழக்கப்படி கடிதத்தை உடனே மடித்தார், ஒரு பக்கத்து மை எதிர்ப் பக்கத்தில் அச்சாகிவிட்டது. ஒரு கன்வெர்ட்டர் (பேனாவுக்குள் மை நிரப்பும் சிறு குழாய்) மை மூன்று நாளில் தீர்ந்தது. பிராட் நிப்பு மையைக் குடிக்கும் என்பது தெரிந்ததுதான், ஆனாலும் அடிக்கடி மை ஊற்றுவது அவர் விரல்களுக்குச் சிரமம்.

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது என்றால் கை வைக்க வேண்டிய இடம் வேறு எங்கோ இருக்கிறது. இது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

## நான் செய்த தவறு

அடுத்ததாக நிப்பைத் தேய்த்துப் பார்த்தேன். மிக நுண்ணிய மெருகுத் தாளை ஒரு மெத்தென்ற அட்டையின் மேல் வைத்து, எட்டு வடிவில் இருபது முப்பது சுற்று. நிப்பு வழுக்கிக்கொண்டு போயிற்று. தொட்டால் வெண்ணெய் மாதிரி. டீச்சரிடம் கொடுத்து அதே நாற்பது சொற்களை எழுதச் சொன்னேன். பதினேழு இடத்தில் முதல் கோடு விழவில்லை.

எழுதாத நிப்பை மெருகேற்றினால் எழுதும் என்று பலரும் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். நிப்பு தாளைக் கீறுகிறது என்றால் அது மருந்து. இங்கே நோய் அதற்கு நேர் எதிரானது.

## லென்ஸில் தெரிந்தது

அதன் பிறகுதான் ஒரு நண்பரிடமிருந்து பத்து மடங்கு லென்ஸ் வாங்கி நுனியைப் பார்த்தேன்.

நிப்பு நுனியில் ஒரு சிறு உலோக மணி பற்றவைத்திருப்பார்கள். இரிடியம் முனை என்று பேச்சில் சொல்கிறோம், இன்றைய மணிகளில் பெரும்பாலும் இருப்பது ருத்தேனியம், ஆஸ்மியம், டங்ஸ்டன் போன்றவற்றின் கலவை. ஃபைன், பிராட் என்ற வேறுபாடு முழுக்க இந்த மணியின் பருமனிலும் வடிவிலும்தான் இருக்கிறது. மணியின் நடுவே ஒரு பிளவு. ஃபீடிலிருந்து, அதாவது நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் பாகத்திலிருந்து, வரும் மை, நுண்துளையில் நீர் ஏறுவது போல, அந்தப் பிளவின் வழியே நுனிவரை வந்து நிற்கும். தாள் அந்த மையைத் தொட்டால் கோடு தொடங்கும்.

டீச்சரின் நிப்பில் பிளவின் இரு உள் ஓரங்களும் உருண்டு உள்வாங்கியிருந்தன. மணியின் வெளிப்பகுதி தாளைத் தொடுகிறது, மை நிற்கும் நடுப்பகுதி தாளுக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. குழந்தையின் பின்புறம் போல இருப்பதால் இதற்குப் பேபி பாட்டம் என்றே பெயர். அளவுக்கு மீறி மெருகேற்றிய நிப்பில் வரும் குறை. மணி பெரிதாக இருக்கும் பிராட் நிப்பில்தான் இது அதிகம் தென்படும். பேனா வரும்போதே குறை இருந்தது, மெத்தென்ற அட்டையில் தேய்த்து நான் அதை ஆழமாக்கியிருந்தேன்.

இதுவரை புரியாதது எல்லாம் இதோடு பொருந்தியது. பழைய தாளின் சிலும்பிய இழைகள் மேலெழுந்து மையைத் தொட்டுவிடும், அதனால் அங்கே தொல்லை குறைவு. வழவழப்பான தாளுக்கு அந்த இழைகள் இல்லை. ஈரமான மை சற்றுப் பிதுங்கி நிற்பதால் கொஞ்சம் உதவியது. அழுத்தினால் உள் ஓரங்கள் தாளில் படும், கோடு விழும். ஆனால் அழுத்தாமல் எழுதுவதற்குத்தானே இந்தப் பேனாவே வந்தது? டீச்சரின் மணிக்கட்டு வலி ஏன் குறையவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அன்றுதான் முதல் முறையாக அவர் எதிரில் உட்கார்ந்து, எழுத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன். பேனாவைச் செங்குத்தாக நிமிர்த்தி, கொஞ்சம் இடப்பக்கமாக உருட்டிப் பிடிக்கிறார். ஃபைன் நிப்பின் நுனி சின்ன உருண்டை, எப்படிப் பிடித்தாலும் எழுதும். பிராட் நிப்பின் அடி அகலமானது. உருட்டிப் பிடித்தால் ஒரு பாதி மட்டும் தாளில் படும், மறுபாதி தூக்கிக்கொள்ளும், பிளவு தாளைவிட்டு விலகும். சொல்லின் நடுவே ழகரத்தின் கீழ்வளைவில் கோடு அறுந்ததற்கு இதுதான் காரணம். முதல் கோடு விழாததும் நடுவில் அறுவதும் ஒரே கோளாறு என்று நினைத்திருந்தேன். இரண்டும் தனித்தனி.

## எடுத்த முடிவு

மூன்று வழிகள் இருந்தன. விற்றவரிடமே கொடுத்து நிப்பை மாற்றிக் கேட்பதுதான் முறை. ஆனால் நான் தேய்த்துவிட்ட நிப்பைப் பழுதான நிப்பு என்று திருப்பிக் கொடுப்பது நேர்மையில்லை. அந்த வழியை அடைத்தது நான்தான், டீச்சரிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டாவது, அதே பேனாவுக்கு மீடியம் நிப்பு வாங்கிப் பொருத்துவது. என் யோசனை இதுதான். கோடு 0.7 மி.மீ. வாக்கில் வரும், கண்ணுக்கும் போதும், பிடிக்கும் கோணத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, நிப்பு தீட்டுவதைத் தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் இந்த நிப்பையே கொடுப்பது. அவர் அடிப்பகுதியைத் தட்டையாக்கி உள் ஓரங்களைத் தாளுக்குக் கொண்டுவருவார், அகலத்தையும் குறைப்பார். பிராடிலிருந்து மெலிதாக்கலாம். ஃபைனிலிருந்து தடிப்பாக்க முடியாது, தேய்ந்த உலோகம் திரும்ப வராது.

டீச்சர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். மகள் கொடுத்ததில் ஒரு பாகத்தையும் மாற்ற அவருக்கு மனமில்லை. செலவும் காத்திருப்பும் கூடுதல் என்று சொன்னேன். "இருக்கட்டும் தம்பி, எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

## தீட்டிய நாள்

அந்தத் தொழிலாளி நிப்பைப் பார்ப்பதற்கு முன் டீச்சரை எழுத வைத்தார். பத்து நிமிடம் எழுத வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்த எழுத்து தொந்தரவு தருகிறது என்று கேட்டார். டீச்சர் ண, ஞ, ஏகாரக் கொம்பு மூன்றையும் காட்டினார்.

அவர் பரிந்துரைத்தது ஸ்டப் வடிவம். மேலிருந்து கீழே இழுக்கும் கோடு தடித்தும், பக்கவாட்டில் இழுப்பது மெலிந்தும் வரும். உருண்டையான மணியில் எல்லாக் கோடும் ஒரே தடிமன், அதனால் சுழி நான்கு பக்கமும் நெருக்கும். ஸ்டப்பில் சுழியின் மேலும் கீழும் மெலிந்து உள்ளே வெளிச்சம் கிடைக்கும். கடையில் கிடைக்கும் ஸ்டப் பெரும்பாலும் 1.1 மி.மீ. அளவில்தான் தொடங்குகிறது, லாமியில் 1.1, 1.5, 1.9 என்று உண்டு. டீச்சரின் எழுத்துக்கு அவை எதுவும் ஆகாது. 0.7 போதும் என்று முடிவானது.

கெட்டியான தட்டைக் கல்லில் சில இழுப்பு, லென்ஸில் பார்வை, டீச்சரின் கையில் இரண்டு வரி, மறுபடி கல். நுனியை நேராக வெட்டாமல், அவர் உருட்டிப் பிடிக்கும் சாய்வுக்கு ஏற்பச் சற்றுச் சரித்துத் தீட்டினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கையை மாற்றச் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது பெரிய பாடம். பேனாவை நேராகப் பிடியுங்கள் என்று டீச்சரிடம் சொல்வதற்குத்தான் நான் தயாராக இருந்தேன்.

## அப்புறம் நடந்தது

தீட்டிய பின் நெடுக்குக் கோடு 0.7 மி.மீ., குறுக்குக் கோடு 0.45 வாக்கில். பழைய வறண்ட மைக்கே திரும்பினோம், வழவழப்பான தாள் நீடித்தது. எழுத்தின் உயரத்தை 3-லிருந்து 4 மி.மீ. ஆக்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கண்ணுக்கும் அது நல்லது. வரி இடைவெளி அதிகமுள்ள தாள் எடுத்துக்கொண்டார், இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. இப்போது எழுத்தின் உயரம் ஆறு நிப்பு அகலத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்று சுழியும் திறந்து நிற்கின்றன. என் அனுபவத்தில், தமிழ் எழுத்துக்கு ஐந்தரைக்குக் கீழே போனால் ணகரம் அடையத் தொடங்குகிறது.

நாற்பது சொல் சோதனையில் தவறியது ஒன்று. அதுவும் மூடியைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்ததில் நுனி காய்ந்ததால்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது மணிக்கட்டு வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் நான்கு பக்கம் வரை எழுத முடிகிறது என்றார். அழுத்தும் பழக்கம் மெதுவாகத்தான் விடுகிறது. படிவங்களை நிரப்பவும், உறிஞ்சும் தாளில் எழுதவும் பழைய ஃபைன் பேனாவே. அவர் கைக்கென்று தீட்டியதால் புதிய பேனா வேறு யார் கையிலும் கீறுகிறது, என் கையிலும்தான்.

## மறுபடி செய்வதானால்

முதல் நாளே லென்ஸில் பார்ப்பேன். நுனியைப் பார்க்காமல் தாள், மை, நிப்பு என்று ஒவ்வொன்றாகக் கை வைத்ததில் ஐந்து வாரம் போயிற்று, நிப்பை மாற்றிக் கேட்கும் உரிமையும் போயிற்று. பெரிதாக்கிக் காட்டும் எந்தக் கண்ணாடியும் இல்லாவிட்டாலும் வேறு வழி இருந்தது: அழுத்தாமல் மெல்லத் தொட்டால் விழாத கோடு, லேசாக அழுத்தினால் விழுகிறதா? வழவழப்பான தாளில் மட்டும் தொல்லை கூடுகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் பிளவின் ஓரங்களைத்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த இரண்டு அறிகுறியும் முதல் வாரத்திலேயே என் குறிப்பில் இருந்தன.

எழுதுகிறவரின் கையை எழுத்துக்கு முன்னால் பார்ப்பேன். மெத்தென்ற அட்டையில் நிப்பைத் தேய்க்க மாட்டேன்.

மகளிடமும் பேசினேன். அடுத்த முறை யாருக்காவது பேனா வாங்குவதானால், நிப்பில் பொறித்த அளவை வைத்து முடிவு செய்யாமல், எழுதப் போகிறவரின் பழைய கடிதம் ஒன்றில் எழுத்தின் உயரத்தை அளந்து ஆறால் வகுக்கச் சொன்னேன். வருவதுதான் தாங்கக்கூடிய கோட்டின் அகலம். டீச்சரின் 3 மி.மீ. எழுத்துக்கு அது அரை மில்லிமீட்டர்.

என்னிடம் யார் பிராட் நிப்பு கேட்டு வந்தாலும் இப்போது ஒரு தாளைக் கொடுத்து, வழக்கமாக எழுதும் அளவிலேயே ஆறு சொற்களை எழுதச் சொல்கிறேன்: பணி, பனி, மணம், மனம், கேட்டேன், கெட்டேன். அந்தத் தாளைப் பக்கத்தில் இருக்கும் இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். அப்படிச் சேர்ந்த தாள்களில் டீச்சர் எழுதியதுதான் முதலாவது.